நகலும் சாட்சி சொல்லும்

(இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு)



"என்ன இருந்தாலும் அசல் மாதிரி வருமா?" என்று எல்லாரும் சொல்வார்கள். அச்சுத் தொழில் படிக்கிற நமக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் உறைக்கும். நாம் செய்வதெல்லாம் நகல்தானே? ஓவியர் ஒரு படம் வரைகிறார். அதை நாலு கலராகப் பிரித்து, பிளேட் போட்டு, ஆயிரம் ஆயிரமாக அடித்துத் தள்ளுகிறோம். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்களின் அசலை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். சிவகாசியில் அச்சான அவருடைய படங்கள் பூஜை அறைகளில் எத்தனையோ வருஷம் தொங்கின. ஆனாலும் "இது வெறும் பிரிண்ட்தானே" என்ற ஓர் இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது.

அசல் காணாமல் போகும்போதுதான் நகலின் அருமை தெரியும். போர்க்காலத்தில் பறிபோன பொருளோ, இருட்டில் திருடு போன பொருளோ, அது திரும்பி வர வேண்டுமானால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: "இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் நான்கை மட்டும் இங்கே பார்ப்போம். மூன்று நம் தமிழ்நாட்டில் நடந்தவை. ஒன்று இத்தாலி நாட்டில் நடந்தது.

1. நினைவு சொன்ன சாட்சி

1323-ஆம் ஆண்டு. டில்லி சுல்தானின் படை உலூக்கான் தலைமையில் தெற்கே வருகிறது. இந்த உலூக்கான்தான் பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவர். ஸ்ரீரங்கம் கோயிலில் உள்ளவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூலவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் உற்சவர் திருமேனியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் இருந்த பிள்ளை லோகாச்சாரியார் மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. திருமேனி கேரளம், கர்நாடகத்தில் மேல்கோட்டை, பிறகு திருமலை என்று ஊர் ஊராகப் போனது. விஜயநகர இளவரசர் கம்பணரின் தளபதி கோபண்ணா அதைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்ரீரங்கத்தில் சேர்த்தார். ஆண்டு 1371. இந்தச் செய்தி கோயிலில் கல்வெட்டாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால் நாற்பத்தெட்டு வருஷம்.

இங்கேதான் சிக்கல். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தலைமுறையே போய்விட்டது. இடையில் வேறொரு திருமேனியைச் செய்து வைத்துப் பூசையும் நடந்துகொண்டிருந்தது. இப்போது வந்திருப்பதுதான் பழைய பெருமாள் என்று யார் சொல்வது? போட்டோ கிடையாது, அளவு எழுதி வைத்த ஏடு கிடையாது. கோயில் வரலாற்றைச் சொல்லும் 'கோயிலொழுகு' என்ற நூல் ஒரு செய்தியைத் தருகிறது. பெருமாளின் திருவாடைகளைத் துவைத்து வந்த ஒரு முதியவர் மட்டும் உயிரோடு இருந்தார். அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. நீராட்டிய ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அந்தக் காலத்தில் அவர் அருந்துவது வழக்கமாம். இரண்டு திருமேனிகளுக்கும் நீராட்டி, இரண்டின் தீர்த்தத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றைச் சுவைத்ததும், "இவரே நம் பெருமாள்" என்று சொல்லிவிட்டார். உற்சவருக்கு 'நம்பெருமாள்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். இடைக்காலத்தில் வைத்த திருமேனியையும் ஒதுக்கிவிடவில்லை. 'திருவரங்க மாளிகையார்' என்ற பெயரோடு அதையும் கோயிலில் வைத்துப் போற்றினார்கள்.

இது மரபு வழிச் செய்தி. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் கவனித்தது வேறு. அத்தனை பெரிய கோயிலில் கடைசியில் ஒரு கூலித் தொழிலாளியின் நினைவுதான் சாட்சியாக நின்றிருக்கிறது. அவரும் அதற்கு முன்பே இறந்து போயிருந்தால்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. போரில் நாம் மட்டும் பறிகொடுக்கவில்லை, பறித்தும் வந்திருக்கிறோம். 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜாதிராஜ சோழர் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று, அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைக் கொண்டுவந்தார். அது தாராசுரத்தில் இருந்தது. இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வெற்றிப் பெருமைக்காக வெட்டியதுதான். ஆனால் அந்த ஒரு வரி எழுத்து இருப்பதால், சிலை எந்த ஊருடையது என்று ஆயிரம் வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. எழுதி வைத்தால் இவ்வளவு பலன் உண்டு.

2. மண்ணும் கரையானும் சொன்ன சாட்சி

போர் வரும்போது ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் செப்புத் திருமேனிகளை மண்ணில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இடம் மறந்து போய்விட்டது. பிற்காலத்தில் யாராவது கடைக்கால் தோண்டும்போது, மண் வெட்டும்போது கிடைக்கும்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்று ஒரு சிற்றூர். இடிந்து போன ஒரு சிவன் கோயில் அங்கே உண்டு. 1976-ல் அதன் அருகே தோண்டும்போது ஒரு நடராஜர் கிடைத்தார். விஷயம் வெளியே வருவதற்குள் சொற்பத் தொகைக்குக் கை மாறிவிட்டது. பிறகு பல கை மாறி லண்டனுக்கே போய்விட்டது. 1982-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதை வாங்கியது. சுத்தம் செய்து சீர்படுத்துவதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வாங்கிய கம்பெனி, "நாங்கள் நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கினோம்" என்று வழக்குத் தொடர்ந்தது.

இப்போது அதே கேள்வி லண்டன் கோர்ட்டில் வந்தது. இது பத்தூர் நடராஜர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? தமிழ்நாட்டில் நடராஜர் சிலைகள் எத்தனையோ! புதைந்து கிடந்த சிலைக்கு போட்டோ எங்கே போவது?

நண்பர்களே, இந்த இடத்தில் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஏனென்றால் அங்கே பேசியது லேபரட்டரி. பத்தூரில் அதே இடத்தில் வேறு சில செப்புத் திருமேனிகளும் பிறகு கிடைத்திருந்தன. அவற்றோடு லண்டன் நடராஜரை ஒப்பிட்டார்கள். உலோகம், பாசி பிடித்த விதம், ஒட்டியிருந்த மண், கரையான் ஊர்ந்த தடம் என்று ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறை வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி கலைப்பாணி பற்றிச் சாட்சி சொன்னார். 1988-ல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. அப்பீலிலும் 1991-ல் அதே தீர்ப்பு நிலைத்தது. அந்த ஆண்டே நடராஜர் நாடு திரும்பினார்.

இந்த வழக்கில் இன்னொரு விசேஷம் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி கோயில் என்பது சொத்து வைத்துக்கொள்ளவும், வழக்காடவும் உரிமையுள்ள ஒரு 'நபர்'. பூசை நின்று இடிந்து கிடந்தாலும் அந்த உரிமை போகாது. இங்கிலாந்து நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பத்தூர்க் கோயில் லண்டனில் வழக்காடி ஜெயித்தது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை, சட்டப்படியே உண்மை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எத்தனை வல்லுநர்கள், எத்தனை வருஷம், எவ்வளவு செலவு! ஒரு பழைய போட்டோ இருந்திருந்தால் வேலை எவ்வளவு சுருக்கமாக முடிந்திருக்கும்!

3. போட்டோ சொன்ன சாட்சி

அப்படி போட்டோ இருந்த ஒரு வழக்கும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சோழர் காலக் கோயில். ஊரும் சிறிது, கோயிலும் பூட்டிக் கிடந்தது. 2006-ல் திருடர்கள் உள்ளே புகுந்து செப்புத் திருமேனிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2008-ல்தான் ஊருக்கே தெரிந்தது. அதற்குள் அங்கிருந்த நடராஜர், நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் மூலமாக ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்.

சிலையோடு ஒரு பேப்பரும் போனது. பல வருஷங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிய சிலை இது என்று காட்டுகிற போலி ஆவணம் அது. 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி பழஞ்சிலைகளை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அதனால் 'ரொம்ப நாளுக்கு முன்பே போய்விட்டது' என்று காட்டினால்தான் வியாபாரம் நடக்கும். பேப்பர் பொய் சொன்னது. அதை எப்படி முறியடிப்பது?

புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. அதன் போட்டோகிராபர்கள் தமிழகம் முழுக்கச் சுற்றி, கோயில் கோயிலாகப் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. இவை ஒரு நாள் போலீஸ் வழக்கில் சாட்சியாகும் என்று நினைத்து எடுத்தவை அல்ல, ஆராய்ச்சிக்காக எடுத்தவை. ஸ்ரீபுரந்தான் திருமேனிகளும் அவற்றில் இருந்தன. அந்தப் படத்தையும் கான்பரா சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

'ஒரே அச்சில் வார்த்த வேறு சிலையாக இருக்கக்கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. அதனால் இரண்டு சிலைகள் நூற்றுக்கு நூறு ஒத்துப் போகவே முடியாது. வார்ப்பில் விழுந்த சின்னப் பள்ளம், பிறகு போட்ட ஒட்டு, உடைந்த ஒரு சுடர் எல்லாமே சிலைக்குக் கைரேகை மாதிரி.

2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லியில் நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். அதே போல் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் அன்று திரும்பியது. சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

4. நகல் சொன்ன சாட்சி

இனி நம் தொழிலுக்கு ரொம்பவும் நெருக்கமான கதைக்கு வருவோம்.

டிராயிங் வகுப்பில் 'ஸ்டில் லைஃப்' என்று ஒரு ஜாடி, இரண்டு பழம் வைத்து வரையச் சொல்வார்களே, அந்த வகை ஓவியத்தில் பெயர் பெற்றவர் ஹாலந்து நாட்டின் யான் வான் ஹூய்சும். 1682-ல் பிறந்து 1749-ல் மறைந்தவர். பூக்களை வரைவதில் மன்னர். அவர் வரைந்த ஒரு பூ ஜாடி ஓவியத்தை, டஸ்கனி நாட்டின் கிராண்ட் டியூக் 1824-ல் வாங்கி, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துப் பிட்டி அரண்மனைக் கலைக்கூடத்தில் மாட்டினார். படம் பெரியது இல்லை. உயரம் 47, அகலம் 35 சென்டிமீட்டர்தான்.

1940-ல் போர் தொடங்கியதும் அரண்மனையில் இருந்த படங்களைப் பெட்டியில் போட்டு ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்கு அனுப்பினார்கள். 1943-ல் பெட்டி வேறொரு மாளிகைக்கு மாறியது. ஸ்ரீரங்கத்தில் நடந்த அதே கதைதான்! ஆனால் இங்கே பெட்டி எதிரி கையில் சிக்கிவிட்டது. 1944-ல் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை அதை வடக்கே கொண்டுபோனது. வழியில் பெட்டியைத் திறந்தார்கள். பூ ஜாடி மாயமானது. ஒரு சிப்பாய் அதை ஜெர்மனியில் இருந்த தன் மனைவிக்கு அனுப்பிவிட்டார் என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

அரை நூற்றாண்டு சத்தமே இல்லை. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, 1991 முதல் இடைத்தரகர்கள் தலைகாட்டினார்கள். "படம் இருக்கிறது, பணம் கொடுத்தால் தருகிறோம்" என்றார்கள். தன் வீட்டில் திருடு போன பொருளைத் தானே காசு கொடுத்து வாங்குவதா? இத்தாலி மறுத்துவிட்டது. ஜெர்மன் சட்டப்படி முப்பது வருஷம் கடந்தால் சொத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை காலாவதியாகிவிடும் என்பது இன்னொரு தடை.

அந்தக் கலைக்கூடத்தின் இயக்குநர் அப்போது ஐக் ஷ்மிட் என்பவர். அவரே ஒரு ஜெர்மானியர். 2019 புத்தாண்டில் அவர் ஒரு வேலை செய்தார். படம் தொங்க வேண்டிய இடத்தில், அதன் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றை மாட்டினார். அதன்மேல் 'திருடப்பட்டது' என்று இத்தாலி, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில் எழுதினார். திருப்பித் தர வேண்டியது ஜெர்மனியின் கடமை என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்த நகல் உலகம் முழுக்கச் செய்தியானது. எழுபத்தைந்து வருஷமாக வராத படம், அதே ஆண்டு ஜூலை 19 அன்று வந்துவிட்டது! ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஹைகோ மாஸ் நேரில் வந்து பிட்டி அரண்மனையில் ஒப்படைத்தார்.

நகல் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். அரசாங்கங்கள் பேசின, போலீஸ் விசாரித்தது. ஆனால் ஊர் வாயைத் திறந்துவிட்டது அந்த நகல்தான். கலர் இல்லாத, ஒரு காசு பெறாத பிரதி! நாலு கலர் அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றோடு கறுப்பும் சேரும்போதுதான் படம் கண் திறக்கும். கறுப்பு பிளேட்டை 'கீ' என்று சொல்வார்கள். சாவி என்ற அர்த்தமும் அந்தச் சொல்லுக்கு உண்டு. பிளாரன்ஸில் அது சாவியாகவே வேலை செய்தது.

நாம் என்ன செய்யலாம்?

நம் மாவட்டத்தில் சின்னச் சின்னக் கோயில்கள் ஏராளம். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் உற்சவர், பழைய மரவாகனம், தேர்ச்சிற்பம், சுவர் ஓவியம், ஓலைச்சுவடி என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது இருக்கும். அவை எப்படி இருக்கும் என்று பூசாரிக்குத் தெரியும், ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்து முதியவர் மாதிரி நினைவை மட்டுமே நம்பி எத்தனை நாள் இருப்பது? எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாவற்றையும் மனதில்தான் வைத்திருந்தார்கள், அவர்களோடு அதுவும் போய்விட்டது. நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான். எழுதி வைக்கிற வேலை இனி நம்முடையது.

இதற்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. 1997-ல் உலக அளவில் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற படிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் நாம் எழுதும் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் மாதிரிதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்:

1. என்ன பொருள்? சிலையா, விளக்கா, ஓவியமா?
2. எதனால், எந்த முறையில் செய்தது? செம்பா, கல்லா, மரமா?
3. உயரம், அகலம், ஆழம். எடை போட முடிந்தால் எடை. அலகைக் கட்டாயம் எழுத வேண்டும்.
4. எழுத்து, முத்திரை, உபயதாரர் பெயர் ஏதாவது பொறித்திருக்கிறதா?
5. தனி அடையாளம்: கீறல், ஒட்டு, உடைந்த விரல், வார்ப்புக் குறை. மிக முக்கியமானது இதுதான்.
6. ஊரில் வழங்கும் பெயர் என்ன?
7. எதைக் காட்டுகிறது? எந்தத் தெய்வம், எந்தக் கோலம்?
8. எந்தக் காலம்? தெரிந்தால் மட்டும்.
9. செய்தவர் யார்? தெரிந்தால் மட்டும்.

இவற்றோடு போட்டோ. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். அலங்காரம் இல்லாத நேரத்தில் எடுத்தால்தான் அடையாளம் தெரியும். அதற்குக் கோயிலில் அனுமதி வாங்க வேண்டும். சிலையைத் தொடுவது, நகர்த்துவது எல்லாம் அவர்கள் வேலை, நம் வேலை இல்லை. போனில் எடுத்ததோடு விட்டுவிடாமல் நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, ஒரு பிரதி கோயில் பதிவேட்டில், இன்னொரு பிரதி வேறு ஊரில் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும். எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது, எப்போது ஆள் இருக்காது என்ற விவரத்தை ஊருக்கெல்லாம் பரப்பக் கூடாது. அது திருடனுக்கு நாமே வழி காட்டியது போல் ஆகும். ஏதாவது காணாமல் போனால் தமிழக போலீஸில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்பதும் போட்டோவைத்தான்.

அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டுப் போகும் திருடர்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்தப் போலியைக் கண்டுபிடிக்கவும் பழைய படமும் அளவும்தான் வேண்டும். அசலை மறைக்கிற நகலும் உண்டு, அசலைக் காட்டிக் கொடுக்கிற நகலும் உண்டு. இரண்டாவது வகையைத் தயாரிப்பதற்கான படிப்பைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வரும் விடுமுறையில் நம் மாணவர் மன்றம் மனம் வைத்தால், ஆளுக்கு ஒரு கோயில் என்று எடுத்துக்கொண்டு இந்தப் படிவத்தை நிரப்பலாம். கேமரா நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, அளக்க ஒரு டேப் போதும். சொந்த ஊர்க் கோயிலிலிருந்தே ஆரம்பிப்போம். இந்த மலரைப் படித்துவிட்டு விருப்பம் உள்ள நண்பர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். படிவம் தயார் செய்து தருவது என் பொறுப்பு.